நிலாவுக்குப் போன பெட்டி

பட்டாபிராமனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போய் ஆறு வருஷமாயிற்று. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் அது மத்தியானம் ஒரு பிடி பிடித்துவிட்டு, ஃபேனுக்கு அடியில் வேட்டி விலகுவதுகூடத் தெரியாமல் தூங்குகிற நாள். அவருக்கு மட்டும் அது கேமராவுக்கு நேர்ந்துவிட்ட நாள். காலையில் பீரோவைத் திறந்து, மனைவி ஸ்யாமளாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து அந்தத் தோல் பெட்டியை வெளியே எடுப்பார். வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைப்பார். ஊதுவார், துடைப்பார், பிரஷ்ஷால் தட்டுவார், லென்ஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து உள்ளே பூசணம் பிடித்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பிறகு எல்லாவற்றையும் பழையபடி உள்ளே வைத்துப் பூட்டுவார். படம் எப்போது எடுப்பார் என்று கேட்காதீர்கள். அதுதான் கதையே.

கேமராவைக் கொடுத்தது அவர் மச்சினன் வெங்கட்ரமணன். ஸ்யாமளாவுக்கு ஒரே தம்பி. அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரி, சோறு பிசைந்து போட்டு வளர்த்தவள் அவள்தான். படித்து இன்ஜினியராகி ஸ்வீடனுக்குப் போனவன், எழுபத்தேழாம் வருஷம் முதல் தடவையாக லீவில் வந்தபோது, "அத்திம்பேருக்கு ஃபோட்டோன்னா உயிராச்சே" என்று இதைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். ஹாசல்பிளாட். அந்த ஊரிலேயே செய்வது. நிலாவில் இறங்கினவர்கள் கையில் இருந்தது இந்த ஜாதிக் கேமராதான் என்று அவன் சொன்னதும் மதுரை எஸ்.எஸ். காலனியில் அவர் இருந்த தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எதிர்வீட்டு ரிட்டையர்டு தாசில்தார் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொதுப்பணித்துறை ஆபீசில் ஹெட் கிளார்க் பட்டாபிராமனுக்கு அன்று முதல் 'நிலா' என்று பெயர். "என்ன நிலா, இன்னிக்கு லீவா?" என்று பியூன்கூடக் கேட்பான்.

அதற்கு முன்னால் அவரிடம் ஒரு கிளிக் கேமரா இருந்தது. தகர டப்பாவுக்குக் கண் வைத்த மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு மனுஷன் மதுரையைச் சும்மா விட்டதில்லை. மகளுக்குப் பல் விழுந்தால் ஒரு கிளிக். ஸ்யாமளா ஈரத் தலையோடு அவரைத் திட்டினால் ஒரு கிளிக். சித்திரை வீதியில் எவனோ ஒருவன் தலையில் நாலு மெத்தையைச் சுமந்துகொண்டு போனால் அதற்கும் ஒரு கிளிக். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பாதி அசைந்துபோகும், மீதி கோணலாய் விழும். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

புதுக் கேமராவுக்கும் அதே ரோல்தான், அதே பன்னிரண்டு படம்தான். ஆனால் இதன் மூடியைத் திறந்து, குனிந்து, மேலிருந்து அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தாரானால், 'இது இந்தக் கேமராவுக்குத் தகுமா' என்று ஒரு கேள்வி வந்து முன்னால் நின்றுகொள்ளும். மெத்தைக்காரன் தகுவானா? மாட்டான். தெப்பக்குளம்? எல்லாரும் எடுத்ததுதானே. அழகர்மலை? இன்னும் கொஞ்சம் மேகம் இருந்தால் தேவலை. விரல் பொத்தான்மேல் இருக்கும், மனசு நிலாவில் இருக்கும். கடைசியில் மூடியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். நாய்க்கு முழுத் தேங்காய் கிடைத்தால் உருட்டிக்கொண்டுதான் திரியும். தின்னவும் முடியாது, விடவும் மனசு வராது. கிளிக் கேமராவை வேறு முதல் வாரமே மகளைக் கட்டின மாப்பிள்ளையின் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்.

சொந்தக்காரர்கள் தொந்தரவு தனி. நிலாக் கேமரா வைத்திருப்பவர் இருக்கும்போது ஸ்டூடியோக்காரன் எதற்கு என்று பெரியப்பா பேரன் கல்யாணத்துக்கு அவரையே எடுக்கச் சொன்னார்கள். அந்தக் கேமராவில் ஃபிலிமுக்கு முன்னால் மெல்லிய தகடு ஒன்று செருகியிருக்கும். அதை உருவினால்தான் பொத்தான் அமுங்கும். கெட்டிமேளம் கொட்டுகிற பதற்றத்தில் பட்டாபிராமன் தகட்டை உருவ மறந்துபோனார். அமுக்கு அமுக்கு என்று அமுக்குகிறார், அது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையும் விழுந்து முடிந்தது. "நிலாவுக்குப் போயிட்டு வந்தது, தாலிக்கு வரல பாருங்கோ" என்று பெண்வீட்டு மாமி ஒருத்தி சொன்னாள். அந்த வார்த்தை இன்னும் சொந்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

இதெல்லாம் போகட்டும் என்றால், அதைக் காவல் காக்கிற வேலை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாருமாக வெளியூர் போவது நின்றது. திருச்சியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனால் ஒருத்தர் போவார், ஒருத்தர் இருப்பார். சித்திரை மாச வெயிலில்கூட வாசற்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே வெந்தார்கள். சர்க்கரை வியாதி வந்து பட்டாபிராமன் இளைத்துப் போனதற்குக்கூட ஸ்யாமளா மனசுக்குள் அந்தப் பெட்டியைத்தான் குறை சொன்னாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பி கொடுத்தது.

தம்பி கடிதத்துக்குக் கடிதம் கேட்டுக்கொண்டிருந்தான். அத்திம்பேர் என்ன எடுத்தார், எப்படி வந்தது? ஸ்யாமளா என்ன செய்வாள்? அவன் பனியில் நின்று சம்பாதித்து வாங்கினது பீரோவில் தூங்குகிறது என்று எழுத முடியுமா? 'உன் அத்திம்பேர் போன வாரம் யானைமலையை எடுத்தார், பார்த்தவர்கள் அசந்து போனார்கள்' என்று ஏரோகிராமில் எழுதினாள். அப்புறம் 'ஆற்றுத் திருவிழாவை எடுத்தார்' என்று எழுதினாள். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அவருக்கு வாசித்துக் காட்டுவாள். அவரும் 'ம்' கொட்டுவார். ஒருமுறை அவன் இரண்டு படம் அனுப்பி வையுங்கள் என்று எழுதிவிட்டான். அதற்கு, 'தூரத்தில் இருப்பதை எடுக்க இந்த லென்ஸ் போதவில்லை என்கிறார், திருப்தியாக வரட்டும், அனுப்புகிறோம்' என்று எழுதிச் சமாளித்தாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமல்லவா?

அப்படியே இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருக்கலாம். எண்பத்துமூன்றாம் வருஷம் ஆவணியில் வெங்கட்ரமணன் மறுபடியும் லீவில் வருவதாக எழுதினான். புது வீடு வாங்கியிருக்கிறானாம். கூடத்துச் சுவர் காலியாக இருக்கிறதாம். 'அத்திம்பேர் எடுத்ததில் ஒன்றைப் பெரிதாகப் போட்டு வையுங்கள். நம்ம ஊர்ப் படமாக இருக்கட்டும். வருகிறவர்களிடம் எங்கள் அக்கா வீட்டுக்காரர் எடுத்தது என்று சொல்ல வேண்டும்.'

ஸ்யாமளா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சமையலறையிலேயே இருந்தாள். பிறகு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்னா, ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு படம் எடுத்துக் குடுத்துடுங்கோ. அவன் முன்னாடி நான் பொய்க்காரியா நிக்கப்படாது."

ஆறு வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட ஒரே படம் அதுதான். அலுத்துப்போன மனுஷனுக்கு அந்தக் குரல் எங்கோ உறைத்தது. "எடுக்கறேன்" என்றார். எதை எடுப்பது என்று தெரியாமல்தான் சொன்னார்.

எதை என்று முடிவு செய்துகொடுத்தவன் முத்துக்கருப்பன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவன். வாய்க்கால் தண்ணீர் விஷயமாக மாசம் ஒரு தடவை ஆபீசுக்கு வருவான். வரும்போதெல்லாம், "ஒரு தடவ நம்ம கொடிக்காலுக்கு வந்து பாருங்க சார். பட்டப்பகல்லயே அந்தி மாதிரி இருக்கும்" என்பான். அந்த அந்தி இப்போது பட்டாபிராமன் நினைவுக்கு வந்தது. வெங்கட்ரமணன் வெள்ளிக்கிழமை வருகிறான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்டுக்கல் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தார்.

"டாக்டருங்களா? அது பிரஷர் பாக்குற மிசினா?" என்று எதிர்சீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டார். நிலாவைப் பற்றிப் பேசத் தெம்பில்லை.

முத்துக்கருப்பன் ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். "எம்புட்டு நாளாக் கூப்புடுறேன், இப்பத்தேன் வழி தெரிஞ்சுச்சா சார்?" என்று சிரித்துக்கொண்டே பெட்டிக்குக் கை நீட்டினான். பட்டாபிராமன் கொடுக்கவில்லை. வரப்பு வழியாகப் போய்க் கொடிக்கால் ஓரத்தில் நின்றார்கள். உயரமாக வளர்ந்த அகத்தி மரங்கள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்க, அவற்றைப் பிடித்து வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. வரிசைக்கு வரிசை நடுவில் முழங்காலளவு தண்ணீர் ஓடுகிற கால்வாய். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது, உள்ளே பச்சையும் கறுப்புமாக இருட்டு. பட்டாபிராமனுக்கு மனசுக்குள் பழைய ஆசை ஒன்று புரண்டு படுத்தது.

"செருப்பக் கழட்டிருங்க சார்."

கழற்றினார்.

"அந்தப் பைய இங்கனயே மாட்டிருங்க. தோலு உள்ள வரக்கூடாது. ஆத்தா குடியிருக்குற எடம். நாங்க செருப்பு போட்டு இந்தப் பக்கம் எச்சி கூடத் துப்ப மாட்டோம்."

தோல் பெட்டியையும் கழுத்தில் மாட்டுகிற தோல் வாரையும் அகத்திக் கிளையில் தொங்கவிட்டார். முத்துக்கருப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கூச்சத்தோடு, "பெல்ட்டும் தோலுதேன சார்?" என்றான்.

இங்கேதான் வினை. அந்தக் கால்சட்டை உடம்பு இருந்த காலத்தில் தைத்தது. பெல்ட் இல்லாவிட்டால் அதற்கும் இடுப்புக்கும் சம்பந்தமில்லை. முத்துக்கருப்பன் யோசித்து, கொடியைக் கட்டுவதற்கு வைத்திருந்த வாழைநாரில் நல்லதாக ஒன்றை உருவிக் கொடுத்தான். ஒரு கெஜட்டட் பதவிக்கு முந்தின படியில் இருக்கிற உத்தியோகஸ்தர், வாழைநாரால் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

"இந்தக் கேமராவச் சுத்தி ஒட்டியிருக்கே கறுப்பா, அது?"

அது என்னவென்று பட்டாபிராமனுக்குத் தெரியாது. ஆறு வருஷம் துடைத்தாரே தவிர, கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜையில் ஸ்யாமளா அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போதுகூட யோசித்ததில்லை. "ரெக்சின்" என்றார். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லாவிட்டால் இத்தனை வருஷம் கவர்மெண்ட் உத்தியோகம் பார்த்ததற்கு அர்த்தமென்ன?

உள்ளே போனார்கள். சேறு கால்விரல் இடுக்கில் பிதுங்கியது. முத்துக்கருப்பனின் பெண்டாட்டி செல்லத்தாய் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். பட்டாபிராமன் கேமராவின் தலைமூடியைத் திறந்து குனிந்து பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே இலைக்கூட்டத்துக்கு நடுவில் எங்கோ ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாக வெயில் ஒற்றைக் கயிறாக இறங்கி, செல்லத்தாயின் கையில் இருந்த வெற்றிலைக் கட்டின்மேல் விழுந்திருந்தது. அது மட்டும்தான் பச்சை. மற்றதெல்லாம், அவள் முகம், தண்ணீர், மரங்கள் எல்லாம், சொல்லத் தெரியாத ஓர் இருட்டு. அந்தச் சதுரக் கண்ணாடியில் இடமும் வலமும் மாறி, யாரோ முன்னமே வரைந்து வைத்த மாதிரி அது இருந்தது. தகுமா என்ற கேள்வி இந்தத் தடவை வரவே இல்லை. ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவர் எதையும் யோசிக்காமல் பொத்தானை அமுக்கினார். கண்ணாடி இருண்டது. சாவியைச் சுற்றினார், மறுபடி வெளிச்சம் வந்தது. மறுபடி அமுக்கினார். கிடைத்துவிட்டது, ஸ்யாமளாவின் படம் கிடைத்துவிட்டது என்று மனசு கூவியது.

வெண்ணெய் திரளுகிற நேரத்தில்தானே தாழி உடையும்? இன்னும் ஒன்று எடுக்கலாம் என்று கால்வாயின் விளிம்புக்கு நகர்ந்து குனிந்தார். இடுப்பில் வாழைநார் மெல்ல நழுவி அவிழ்ந்தது. கால்சட்டை இறங்கத் தொடங்கியது. எதிரே ஒரு பொம்பிளை. கழுத்தில் வார் இருந்திருந்தால் ஒன்றுமில்லை. வார் கிளையில் தொங்குகிறது. கையில் கேமரா, இடுப்பில் மானம், இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். கை யாரையும் கேட்கவில்லை. இரண்டு கையும் கால்சட்டையைப் பிடித்தன.

தொபுக்கென்று ஒரு சத்தம். அதைப் பிடிக்கப் பாய்ந்தவர் தானும் வழுக்கி, இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்தார்.

"அய்யய்யோ சார்!" என்று முத்துக்கருப்பன் குதித்து அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

"கேமரா, முத்துக்கருப்பா, கேமரா!"

"அது கெடக்கு சார், எங்க போயிரும்? கால ஊண்டுங்க பாப்போம். முட்டி பெசகிருச்சா?"

முட்டி பிசகவில்லை, கணுக்கால்தான் சுளுக்கியிருந்தது. அவன் அவரைத் தாங்கலாக மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய், குழாய்த் தண்ணீரில் சேற்றைக் கழுவிவிட்டு, தன் துவைத்த வேட்டி ஒன்றைக் கொடுத்தான். கேமராவைச் செல்லத்தாய் எடுத்துவிட்டதாகக் குரல் வந்தது. ஃபிலிம் இருக்கிற டப்பா தனியாக இறுக்கமானது, உள்ளே தண்ணீர் அதிகம் போயிருக்காது, ஈரமாகவே கொண்டுபோய்க் கழுவினால் படத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று பட்டாபிராமன் வேட்டியைக் கட்டிக்கொண்டே கணக்குப் போட்டார். கேமரா போனால் போகட்டும். அந்தப் படம் போதும்.

திரும்பி வந்தபோது செல்லத்தாய் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வாழை இலை. இலையில் கேமரா, விளக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று இருந்தது.

"ஒரே சேறா இருந்துச்சு சார். தேங்காநாரு வச்சு மெதுவாத்தேன் தேச்சேன். அந்தக் கண்ணாடிதேன் கொஞ்சம் வழவழன்னு இருந்துச்சு, நல்லாத் தேச்சுட்டேன். பொறவால ஒரு சின்னத் திருகு இருந்துச்சா, திருகுனேன், டப்பாவாட்டம் உருவிக்கிட்டு வந்துருச்சு. உள்ள காகிதம் லேசா நனஞ்சுருந்துச்சு. அதையும் உருவிக் காயப்போட்டுருக்கேன். காஞ்சதும் சுருட்டி வச்சுக்கங்க."

அவள் கைகாட்டிய பக்கம் பார்த்தார். அகத்திக் கிளையில், நல்ல வெயிலில், வெளிச்சமே படக்கூடாத ஃபிலிம் ரோல் முழு நீளத்துக்கும் தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே அவருடைய பெல்ட்.

பட்டாபிராமனுக்கு ஒரு கத்தல் கிளம்பி வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி அந்த முகம் முழுக்க இருந்தது. விலை உயர்ந்த பாத்திரம் என்று பயந்து பயந்து விளக்கியிருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது? "ரொம்ப உபகாரம் தாயி" என்றார். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதற்குப் பின்னாலேயே, அவர் வெட்கப்படும்படியாக, ஒரு நிம்மதியும் வந்தது. இனிமேல் இதைத் துடைக்க வேண்டாம்.

ரயிலுக்குக் கிளம்பும்போது முத்துக்கருப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அது ரெக்சின்தேன சார்?"

"தெரியாது முத்துக்கருப்பா. தெரியாமத்தான் சொன்னேன்."

"தோலாத்தேன் இருக்கும். இல்லாட்டி ஆத்தா இப்புடிச் செய்ய மாட்டா." அவன் குரலில் கோபமில்லை. "சாயங்காலம் மஞ்சத்தண்ணி தெளிச்சு ஒரு கும்புடு போட்டுக்கிறேன். நீங்க வெசனப்படாமப் போங்க." இரண்டு கவுளி கொழுந்து வெற்றிலையை வாழை மட்டையில் கட்டி அவர் கையில் கொடுத்தான். தன்னால் அவன் கொடிக்காலுக்கு ஒரு குறையும் வரக்கூடாதே என்று பட்டாபிராமன் ரயிலில் உட்கார்ந்து உண்மையாகவே வேண்டிக்கொண்டார்.

வேட்டியும் நொண்டலுமாக வந்து நின்றவரைப் பார்த்து ஸ்யாமளா முதலில் கேட்டது, "எங்கேன்னா அடி?" என்றுதான். எல்லாவற்றையும் சொன்னார். வாழைநாரைச் சொன்னார், தேங்காய்நாரையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு படம்கூட இல்லையா?"

"இருந்தது, ஸ்யாமளா. நான் பார்த்தேன்."

ஈரத்தை இழுக்கட்டும் என்று கேமராவை அரிசி டின்னுக்குள் புதைத்துவைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தபோது லென்ஸ் கண்புரை விழுந்த மாதிரி வெளுத்திருந்தது. பொத்தான் அமுங்கவில்லை, இந்தத் தடவை தகடு காரணமில்லை.

அன்று சாயங்காலம் வெங்கட்ரமணன் வந்தான். கொஞ்சம் பருத்திருந்தான், முன்னந்தலை வழுக்கையாகியிருந்தது. அடையும் அவியலும் சாப்பிட்டு, காப்பி குடித்து, கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "அத்திம்பேர், என் படம் எங்கே?"

பட்டாபிராமன் எழுந்து போய் அந்தக் கேமராவை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார். "தண்ணியிலே விழுந்துடுத்துப்பா. எடுத்த படமும் அதோட போயிடுத்து." அவர் தலை நிமிரவில்லை. ஸ்யாமளா சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள்.

வெங்கட்ரமணன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஒரு நிமிஷம் முகம் சுருங்கியது. பிறகு சட்டென்று சிரித்துவிட்டான். "இதுக்கா இப்படி உட்கார்ந்திருக்கேள்? இதுக்கு ஆயுசு முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோங்கோ." சூட்கேஸைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து பழையதைவிடப் பெரிய பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கினான். "அக்கா எழுதியிருந்தாளே, தூரத்துக்கு லென்ஸ் போதலைன்னு. அதான் புது மாடலாவே வாங்கிட்டேன். கூட ரெண்டு லென்ஸ். இனிமே யானைமலை என்ன, இமயமலையே எடுக்கலாம்." சொல்லிக்கொண்டே அதை அத்திம்பேரின் மடியில் வைத்தான்.

"எதுக்குப்பா இவ்வளவெல்லாம்" என்று பட்டாபிராமன் சொன்னார். மேலும் ஏதோ சொல்லப்போனவர், பெட்டியின் மூலையில் இருந்த தூசியைப் பார்த்துவிட்டார். கை தன்னால் போய், வேட்டி நுனியால் அதைத் துடைக்க ஆரம்பித்தது.

அந்தக் கையை ஸ்யாமளா பார்த்தாள். ஆறு வருஷமாகப் பார்த்த கைதான். ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வந்து, அவர் மடியிலிருந்து பெட்டியைத் தூக்கித் தம்பியின் மடியில் வைத்தாள்.

"இதைத் திருப்பி எடுத்துண்டு போயிடு, வெங்கட்டு."

"என்னக்கா?"

"நான் எழுதினதெல்லாம் பொய்டா. யானைமலையும் எடுக்கலை, திருவிழாவும் எடுக்கலை. ஆறு வருஷமா இவர் அதைத் துடைச்சிண்டு இருந்தார். நான் பூட்டிண்டு இருந்தேன். அவ்வளவுதான் நடந்தது." அவள் குரல் உடைந்தது. "படம் எடுக்கத் தெரிஞ்ச மனுஷர்தான், உன் பெட்டி வரதுக்கு முன்னாடி. நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன். இவரால இன்னொரு தடவை முடியாதுடா. பாரு அவரை."

வெங்கட்ரமணன் பார்த்தான். நிஜமாகவே அப்போதுதான் பார்த்தான். தொங்கிப்போன தோளும், கழுத்து எலும்பும், துடைப்பதற்கு ஒன்றுமில்லாமல் வேட்டி நுனியைப் பிடித்தபடியே நின்றுபோன கையும். அவன் கண் கலங்கியது.

"ஒரு வார்த்தை எழுதியிருக்கப்படாதா, அக்கா?"

"நீ ஆசையா வாங்கினது. எப்படிடா எழுதுவேன்?"

பிறகு வெங்கட்ரமணன் மடியில் இருந்த பெட்டியைத் தட்டிக்கொண்டே, "சரி, இதை நான் என்ன பண்றது?" என்றான்.

"நீயே எடேன் படம்."

"நானா? எனக்கு ஏதுக்கா நேரம்? லீவு நாள் வந்தாத் தூங்கினாப் போதும்னு இருக்கு."

பட்டாபிராமன் தலையை நிமிர்த்தினார். ஹுக்கென்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. விக்கலோ என்று ஸ்யாமளா பயந்தாள். சிரிப்பு. ஆறு வருஷமாக வெளியே வராத சிரிப்பு தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. வெங்கட்ரமணனும் சேர்ந்துகொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்திம்பேரும் மச்சினனும் கூடத்தில் ஆளுக்கொரு பாயைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் தூங்கினார்கள். பட்டாபிராமனுக்கு வேட்டி விலகியிருந்தது. ஸ்யாமளா அதைச் சரிசெய்துவிட்டு, சோழவந்தான் வெற்றிலையில் கடைசி இரண்டை எடுத்து நரம்பைக் கிள்ளிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். சூட்கேஸுக்குள் புதுப்பெட்டி இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தால் என்ன, அது வெங்கட்டுவின் பாடு. தாழ்ப்பாளை எடுத்து வாசற்கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டு, காற்றுக்காக நிலைப்படியில் உட்கார்ந்தாள்.